ஸ்டார் ரேங்கிங்கும் என்.எஃப்.எல். டிராஃப்டும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தைப் புதிதாகப் பார்க்கத் தொடங்கியவர்களும், சனிக்கிழமை தவறாமல் பார்ப்பவர்களும் ஒரே சந்தேகங்களைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். பள்ளிப் பையன்களின் ஆட்டத்தை மதிப்பிட்டுப் போடும் ஸ்டாருக்கும் (உச்சம் ஐந்து), அவர்கள் பின்னால் என்.எஃப்.எல். என்ற தொழில்முறை லீக்கின் வீரர்களாக ஆவதற்கும் என்ன தொடர்பு? எந்தக் கல்லூரி நிஜமாகவே வீரர்களை உருவாக்குகிறது, எது ஏற்கெனவே தேறியவர்களை வாங்கிக்கொள்கிறது? அந்தக் கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறோம். இந்தப் பக்கம் முழுக்கக் கால்பந்து என்றால் அமெரிக்கக் கால்பந்துதான். டிராஃப்ட் என்றால் என்.எஃப்.எல். அணிகள் முறை வைத்துக் கல்லூரி வீரர்களை எடுக்கும் ஆண்டுத் தேர்வு.

இந்த ஸ்டாரை எல்லாம் யார் போடறாங்க? காலேஜ் விளையாட்டுச் சங்கமா?

இல்லை, தனியார் நிறுவனங்கள். 247 ஸ்போர்ட்ஸ், ஈ.எஸ்.பி.என்., ரைவல்ஸ், ஆன்3 ஆகியவைதான் பெரிய பெயர்கள். 2025இல் ஆன்3 ரைவல்ஸை வாங்கிவிட்டது. இவர்களுடைய ஆட்கள் பள்ளி ஆட்டங்களின் வீடியோவைப் பார்க்கிறார்கள், கோடைக்கால முகாம்களுக்குப் போய் உயரம், எடை, ஓட்ட வேகம் எல்லாம் நேரில் அளக்கிறார்கள், எந்தக் கல்லூரிகள் ஸ்காலர்ஷிப் தருவதாகச் சொல்லியிருக்கின்றன என்பதையும் கவனிக்கிறார்கள்.

பேச்சில் "அவன் இத்தனையாவது ரேங்க்" என்று அடிபடுவது பெரும்பாலும் 247 ஸ்போர்ட்ஸின் காம்போசிட் எண். அது பல சேவைகளின் மதிப்பீட்டைச் சேர்த்து எடுத்த கூட்டு மதிப்பு. ஒரே நிறுவனத்தின் பட்டியலைவிட அதையே பார்ப்பது நல்லது. ஒருவர் தவறவிட்டதை இன்னொருவர் பார்த்திருப்பார்.

அஞ்சு ஸ்டாருக்கும் மூணு ஸ்டாருக்கும் நடுவுல எவ்வளவு தூரம்?

247 ஸ்போர்ட்ஸ் ஒவ்வொரு ஆண்டும் சுமார் 32 பேருக்குத்தான் ஐந்து ஸ்டார் தருகிறது. டிராஃப்டின் முதல் ரவுண்டில் 32 இடங்கள் என்பதால் அந்த எண். ஆக, ஐந்து ஸ்டார் என்றால் "இந்தப் பையன் மூன்று நான்கு ஆண்டு கழித்து முதல் ரவுண்டில் போவான்" என்ற கணிப்பு. நான்கு ஸ்டார் முந்நூறு நானூறு பேருக்குக் கிடைக்கிறது. மூன்று ஸ்டார்க்காரர்கள் ஆயிரத்துக்கு வெகு மேலே.

நான்கு ஸ்டார் பெட்டிக்குள்ளேயே பெரிய இடைவெளி உண்டு. நாட்டில் 35ஆவது இடத்தில் இருப்பவனும் 350ஆவது இடத்தில் இருப்பவனும் ஒரே ஸ்டார்தான் காட்டுவார்கள், ஆனால் வாய்ப்பில் ஒருவருக்கொருவர் பக்கத்தில்கூட வரமாட்டார்கள். அதனால் ஸ்டாரை விட்டுவிட்டு 0.9750, 0.8900 என்று வரும் காம்போசிட் தசம எண்ணைப் பாருங்கள்.

டிராஃப்டுல மொத்தம் எத்தனை பேர்? யார் யார் போகலாம்?

ஏழு ரவுண்டு, 32 அணிகள். கூடுதல் இடங்களும் பறிபோன இடங்களும் சேர்ந்து ஆண்டுக்கு 260 பேரை ஒட்டி வரும்: 2022இல் 262, 2024இலும் 2025இலும் 257. பள்ளி முடித்து மூன்று ஆண்டு ஆகியிருக்க வேண்டும். அதாவது 2022 கிளாஸில் (அந்த ஆண்டு கல்லூரிக்குள் வந்த புதிய வீரர்கள் கூட்டத்தில்) சேர்ந்தவன் சீக்கிரம் போனால் 2025இல் போவான். தேர்வாகாதவர்களும் நேரடி ஒப்பந்தத்தில் சேரலாம். அணிக்கு 53 பேர் கொண்ட பட்டியலில் அப்படி வந்தவர்கள் கணிசமாகவே இருப்பார்கள்.

ஸ்டார் அதிகமா இருந்தா என்.எஃப்.எல். போறது உறுதியா?

உறுதி இல்லை, ஆனால் வாய்ப்பு பல மடங்கு. தோராயமாக, ஐந்து ஸ்டார்க்காரர்களில் இரண்டில் ஒருவர் டிராஃப்டில் தேர்வாகிறார்கள், நான்கு ஸ்டாரில் ஐந்தில் ஒருவர், மூன்று ஸ்டாரில் இருபதில் ஒருவர். ஆண்டுக்கு ஆண்டு இது ஏறி இறங்கும். ஆனாலும் வரிசை மாறுவதில்லை. 17 வயதுப் பையனைப் பார்த்து 21 வயதைக் கணிப்பதில் இவ்வளவு தூரம் சரியாக வருவதே பெரிய விஷயம். ரேங்கிங் வெறும் விளம்பரம் என்று ஒதுக்குவது அந்த வேலையைச் செய்பவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

அப்புறம் ஏன் டிராஃப்ட் லிஸ்ட்ல மூணு ஸ்டார் பசங்களே நிறைய வராங்க?

எண்ணிக்கை காரணம். மேலே சொன்ன விகிதங்களை வைத்து ஒரு மாதிரிக் கணக்கு: ஐந்து ஸ்டார் 32 பேரில் பாதி, 16. நான்கு ஸ்டார் 350 பேரில் ஐந்தில் ஒன்று, 70. மூன்று ஸ்டார் 2000 பேர் என்று வைத்தால் இருபதில் ஒன்று, 100. தேர்வானவர்களை மட்டும் எண்ணிப் பார்த்தால் மூன்று ஸ்டார்தான் ஜெயித்தது போலத் தெரியும். ஆனால் அந்தப் பக்கம் தேர்வாகாமல் நின்ற 1900 பேரை யாரும் டிவியில் காட்டுவதில்லை.

"என்.எஃப்.எல். இறுதியாட்டமான சூப்பர் பௌலில் இறங்கியவர்களில் எத்தனை பேர் ஐந்து ஸ்டார் பாருங்கள்" என்று ஒவ்வொரு பிப்ரவரியும் சுற்றும் படமும் இதே பிழைதான். கேட்க வேண்டியது, நூறு ஐந்து ஸ்டார்க்காரர்களில் எத்தனை பேர், நூறு மூன்று ஸ்டார்க்காரர்களில் எத்தனை பேர் என்பது.

ஜோஷ் ஆலனுக்கு ஒரு ஸ்டார்கூட இல்லையே! அதுக்கு என்ன பதில்?

உண்மை. பின்னால் என்.எஃப்.எல். நட்சத்திரக் குவார்ட்டர்பேக்காக (பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர்) ஆன ஆலன் கலிஃபோர்னியாவின் விவசாயப் பகுதியிலிருந்து வந்து, ரீட்லி ஜூனியர் கல்லூரியில் ஆடி, வயோமிங் போய், 2018இல் ஏழாவது ஆளாகத் தேர்வானார். பின்னால் நட்சத்திரங்களான மற்றவர்களும் உண்டு. ஜே.ஜே. வாட் இரண்டு ஸ்டார். சென்ட்ரல் மிச்சிகனில் ஓராண்டு ஆடிவிட்டு விஸ்கான்சினுக்கு ஸ்காலர்ஷிப் இல்லாமல் போய், 2011இல் பதினோராவது ஆள். கூப்பர் கப்புக்கு முதல் பிரிவின் மேல்தட்டான எஃப்.பி.எஸ். கல்லூரி ஒன்றுகூட இடம் தரவில்லை, ஈஸ்டர்ன் வாஷிங்டனில் ஆடி 2017இல் 69ஆவது ஆள். ஆரன் டொனால்ட், பேட்ரிக் மஹோம்ஸ், லமார் ஜாக்சன் மூவரும் மூன்று ஸ்டார்.

இவர்களுக்குள் பொதுவான காரணங்கள் தெரிகின்றன. முகாம்களுக்குப் போகாத ஊர். 17 வயதில் முடியாத வளர்ச்சி. பள்ளியில் ஒரு பொசிஷன், கல்லூரியில் வேறு பொசிஷன். டொனால்டைப் போல் "உயரம் போதாது" என்று ஒதுக்கப்பட்ட உடல். அடுத்த ஆலனைத் தேடும் ஸ்கவுட் இந்த இடங்களில்தான் தேட வேண்டும். ஆனால் முந்தைய பதிலின் விகிதங்களை இந்தப் பெயர்கள் மாற்றுவதில்லை.

நாட்டிலேயே நம்பர் 1 ரெக்ரூட்னு சொன்னவங்க எல்லாம் என்ன ஆனாங்க?

எல்லா வகையும் இருக்கிறது. 2011 கிளாஸின் முதலிடம் ஜடேவியன் கிளௌனி, 2014 டிராஃப்டிலும் முதல் ஆள். 2018இன் டிரெவர் லாரன்ஸ் 2021இல் முதல் ஆள். 2014இன் லெனர்ட் ஃபோர்னெட் நான்காவது, 2016இன் ரஷான் கேரி பன்னிரண்டாவது. 2013இன் ராபர்ட் என்கெம்டிச்சி 29ஆவது ஆளாகப் போய் என்.எஃப்.எல்.லில் நிலைக்கவில்லை. 2012இன் டோரியல் கிரீன்-பெக்கம் 40ஆவது. 2015இல் முதலிடம் பெற்ற டிரென்ட் தாம்ப்சனை டிராஃப்டில் யாருமே எடுக்கவில்லை. 2021இல் காம்போசிட்டில் முழு 1.0000 வாங்கிய குவின் யூவர்ஸ், 2025இல் ஏழாவது ரவுண்டில் 231ஆவது ஆள்.

அதே 2025 டிராஃப்டின் முதல் இரண்டு பெயர்களைப் பாருங்கள். முதல் ஆள் கேம் வார்ட். ஸ்டாரே இல்லாமல் இன்கார்னேட் வேர்ட் என்ற சிறிய கல்லூரியில் தொடங்கியவர். இரண்டாம் ஆள் டிராவிஸ் ஹன்ட்டர். 2022 கிளாஸின் முதலிடம் என்று கொண்டாடப்பட்டவர். ஒரே டிராஃப்டை வைத்து எந்தக் கட்சியும் வாதாடலாம்.

எந்த பொசிஷன்ல ரேங்கிங்கை நம்பலாம், எதுல நம்பக்கூடாது?

உடல் சீக்கிரம் முழுமையாகும் பொசிஷன்களில் நம்பலாம். டிஃபென்சிவ் லைன் (தடுக்கும் பக்கத்தின் முன்வரிசை), கார்னர்பேக் (ரிசீவரை மறிப்பவர்), ரிசீவர் (எறிந்த பந்தைப் பிடிப்பவர்) ஆகியவற்றில் வேகமும் நீளமும் 17 வயதிலேயே கண்ணுக்குத் தெரியும், அளக்கவும் முடியும். பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடும் ரன்னிங் பேக்கிலும் கல்லூரி ஆட்டத்தை ரேங்கிங் நன்றாகவே கணிக்கிறது, ஆனால் என்.எஃப்.எல். அந்தப் பொசிஷனுக்கு முதல் ரவுண்டைச் செலவழிக்கத் தயங்குகிறது. 2013இலும் 2014இலும் முதல் ரவுண்டில் ஒரு ரன்னிங் பேக்கும் போகவில்லை. அதற்காக ரேங்கிங் தோற்றது என்று சொல்லக்கூடாது, சந்தையின் விலை அப்படி.

குவார்ட்டர்பேக்கைக் காக்கும் முன்வரிசையான ஆஃபென்சிவ் லைன் கஷ்டம். 250 பவுண்டு இருக்கும் பையன் 310 பவுண்டாக ஏறியபிறகும் கால் நகர்த்துவானா என்பதைப் பள்ளி வீடியோ காட்டாது. எதிரில் நிற்பவன் 180 பவுண்டு, தள்ளினால் விழுந்துவிடுகிறான். ஐயோவாவின் டைலர் லிண்டர்பாம் டிஃபென்சிவ் லைனுக்கு எடுக்கப்பட்டவர். ஆஃபென்சிவ் லைனின் நடுவில் நிற்கும் சென்டராக மாற்றி, 2022இல் 25ஆவது ஆள்.

குவார்ட்டர்பேக் எல்லாவற்றிலும் கஷ்டம். ஆடுபவன் ஒருவன்தான், இரண்டு ஐந்து ஸ்டார்க்காரர்கள் இருந்தால் ஒருவன் உட்கார வேண்டும். கையின் பலம் முகாமில் தெரியும், அழுத்தத்தில் இரண்டாவது மூன்றாவது ரிசீவரைத் தேடும் நிதானம் தெரியாது. பந்தை உதைக்கும் கிக்கர், பண்ட்டர் ஸ்டாரை அப்படியே மறந்துவிடுங்கள்; எவ்வளவு நல்லவனுக்கும் பெரும்பாலும் மூன்றுக்குமேல் கொடுப்பதில்லை.

அலபாமா ஆஃபர் கொடுத்தா உடனே ஸ்டார் ஏறுதாமே? அப்ப இது ஏமாத்து தானே?

ஏறுவது உண்டு. ஆனால் ஏமாற்று என்று சொல்ல முடியாது. பெரிய கல்லூரியின் பயிற்சியாளர்கள் ரேங்கிங் ஆட்களைவிட அதிக நேரம், அதிக வீடியோ, பையனின் பள்ளிக் கோச்சிடம் நேர்ப்பேச்சு என்று பார்த்தபிறகே ஆஃபர் தருகிறார்கள். அதையும் ஒரு தகவலாக எடுத்துக்கொள்வது நியாயம்தான்.

சிக்கல் வேறிடத்தில். "அதிக ஸ்டார் உள்ள கல்லூரி அதிகம் டிராஃப்ட் ஆகிறது" என்று நிரூபிக்கும்போது, ஸ்டாருக்குள்ளேயே கல்லூரியின் பெயர் கலந்திருக்கிறது. ஐயோவா, யூட்டா போன்ற இடங்களுக்குப் போகும் பையன்களுக்கு அந்த ஏற்றம் கிடைப்பதில்லை. அதனால் கீழே வரும் கணக்கில் அந்தக் கல்லூரிகள் கொஞ்சம் கூடுதலாகச் சாதித்தது போலத் தெரியும். அதை மனதில் வைத்துப் படிக்க வேண்டும்.

கல்லூரிக்கு டீம் ரேங்கிங் போடறாங்களே, அது வெறும் கூட்டலா?

247 ஸ்போர்ட்ஸில் அப்படி இல்லை. கிளாஸின் சிறந்த வீரரின் புள்ளி முழுதாகச் சேரும், அடுத்தடுத்த ஆளுக்கு எடை குறைந்துகொண்டே போகும், இருபதைத் தாண்டியவர்கள் மிகக் கொஞ்சமே சேர்க்கிறார்கள். ஆனாலும் 15 பேர் சேர்த்த கல்லூரியும் 27 பேர் சேர்த்த கல்லூரியும் ஒரே தரத்தில் இருந்தால் 27தான் மேலே நிற்கும். சிறிய கிளாஸை ஒப்பிட வேண்டுமானால் ஒரு வீரருக்கு எவ்வளவு என்ற சராசரியையும் சேர்த்துப் பாருங்கள்.

டீம் ரேங்கிங்ல முதல் இடம் வாங்கினா சாம்பியனா?

நல்ல ரேங்கிங் பெரும்பாலும் தேவை, ஆனால் அது மட்டும் போதாது. கடைசி நான்கு கிளாஸ்களில் சேர்ந்தவர்களில் பாதிக்கு மேல் நான்கு, ஐந்து ஸ்டார்க்காரர்களாக இருக்கிறார்களா என்று பார்க்கும் ஒரு அளவு உண்டு, "புளூ சிப் ரேஷியோ" என்பார்கள். 2011 முதல் 2024 வரையிலான பருவங்களில் பட்டம் வென்ற எல்லா அணிகளும் அந்தக் கோட்டைத் தாண்டியவை.

போதாது என்பதற்கு டெக்சாஸ் ஏ அண்ட் எம். அவர்களின் 2022 கிளாஸ் 247 ஸ்போர்ட்ஸ் கணக்கில் அதுவரை வந்தவற்றிலேயே மிக உயர்ந்தது. அந்தப் பருவமே அணி 5 வெற்றி, 7 தோல்வி. அடுத்த ஆண்டு நவம்பரில் தலைமைப் பயிற்சியாளர் ஜிம்போ ஃபிஷர் நீக்கப்பட்டார், கிளாஸில் பலர் வேறு கல்லூரிக்குப் போய்விட்டார்கள்.

எந்தக் காலேஜ் நிஜமாவே பிளேயரை உருவாக்குது?

மொத்த எண்ணிக்கையை வைத்துச் சொல்லக் கூடாது. ஜார்ஜியா 2022இல் 15 பேரை அனுப்பியது. ஏழு ரவுண்டு டிராஃப்டில் அது சாதனை. அலபாமாவின் 2017 கிளாஸிலிருந்து மட்டும் எட்டுப் பேர் முதல் ரவுண்டில் போனார்கள். ஆனால் இரண்டு கல்லூரிகளும் எடுத்ததே நாட்டின் மேல்தட்டு. வந்ததைக் கழித்துவிட்டுப் பார்த்தால்தான் கல்லூரி என்ன சேர்த்தது என்று தெரியும். கழித்தபிறகும் இவற்றுக்கு மதிப்பு மிஞ்சுகிறது: ஜார்ஜியாவில் மூன்று ஸ்டார் ஜோர்டன் டேவிஸ் 13ஆவது ஆள், அலபாமாவில் மூன்று ஸ்டார் மேக் ஜோன்ஸ் 15ஆவது ஆள்.

கழித்துப் பார்த்தால் மேலே வரும் பெயர்கள் ஐயோவா, விஸ்கான்சின், யூட்டா. ஐயோவாவின் டைட் எண்டுகளை (எதிரியை மறிக்கவும் பந்தைப் பிடிக்கவும் செய்பவர்கள்) மட்டும் எடுங்கள்: 2017இல் ஜார்ஜ் கிட்டில் ஐந்தாவது ரவுண்டு, 2019இல் ஹாக்கென்சன் எட்டாவதும் நோவா ஃபேன்ட் இருபதாவதும், 2023இல் சாம் லபோர்டா 34ஆவதும். சின்சினாட்டி 2022இல் ஒன்பது பேரை அனுப்பியது, நான்காவது ஆளாகப் போன சாஸ் கார்ட்னர் மூன்று ஸ்டார். இங்கெல்லாம் பார்க்கக் கிடைக்கும் முறை ஒன்றுதான்: எடை ஏறினாலும் தாங்கும் உடற்கட்டு உள்ள பையனை எடு, முதலாண்டு உட்கார வை, எடை ஏற்று, தேவையானால் பொசிஷனை மாற்று, நான்காம் ஐந்தாம் ஆண்டில் ஆட விடு.

தலைகீழ் உதாரணம் டெக்சாஸ். 2010, 2011 கிளாஸ்கள் நாட்டின் உச்சியில் இருந்தும், 2014 டிராஃப்டில் அந்தக் கல்லூரியிலிருந்து ஒருவர்கூடத் தேர்வாகவில்லை. 1937க்குப் பிறகு அப்படி நடந்தது அதுவே முதல்முறை.

நானே கணக்குப் போட்டுப் பார்க்கணும்னா எப்படி?

முதலில் தொடர்ந்து ஐந்து கிளாஸ்களை எடுங்கள். கடைசி கிளாஸுக்கும் குறைந்தது ஐந்து டிராஃப்டாவது ஆகியிருக்க வேண்டும்; இல்லாவிட்டால் முதலாண்டு உட்கார்ந்த பையன்கள் கணக்கில் வராமலே போவார்கள். கல்லூரியில் சேரக் கையெழுத்திட்ட எல்லோரையும் எழுதுங்கள், பாதியில் போனவர்களையும் விடாமல். ஸ்காலர்ஷிப் இல்லாமல் வந்த வாக்-ஆன்களைத் தனிப் பட்டியலாக வையுங்கள்.

அடுத்து ஒவ்வொருவருக்கும் வாய்ப்பைப் போட்டுக் கூட்டுங்கள். 25 பேர் கிளாஸில் ஐந்து ஸ்டார் 2, நான்கு ஸ்டார் 10, மூன்று ஸ்டார் 13 என்றால்: 2 × 0.5 = 1, 10 × 0.2 = 2, 13 × 0.05 = 0.65. எதிர்பார்ப்பு 3.65. நிஜமாகத் தேர்வானவர்களை இதால் வகுத்தால் விகிதம். 1க்கு மேலே போனால் கல்லூரி கூட்டியிருக்கிறது. ஸ்டாருக்குப் பதில் காம்போசிட் எண்ணை 0.02 இடைவெளிகளாகப் பிரித்து வாய்ப்புப் போட்டால் இன்னும் துல்லியம், 0.88க்கும் 0.80க்கும் இருக்கும் வித்தியாசம் மூன்று ஸ்டார் என்ற ஒரே சொல்லில் மறைந்துவிடுகிறது.

ஒரு வருஷம் விகிதம் 1.6 வந்துச்சு. போதுமா?

போதாது. மேலே உள்ள கிளாஸில் எதிர்பார்ப்பு 3.65, அதிர்ஷ்டத்தால் மட்டும் ஏறி இறங்கக்கூடிய திட்டவிலக்கம் சுமார் 1.65. ஆறு பேர் போனால்கூட அது ஒன்றரை விலக்கத்துக்குள் அடங்கிவிடும். அதே மாதிரி ஐந்து கிளாஸைச் சேர்த்தால் எதிர்பார்ப்பு 18.25, விலக்கம் சுமார் 3.7. இப்போது 22 பேர் போயிருந்தால் இன்னும் அதிர்ஷ்டம் என்றே சொல்ல முடியும். 27 பேர் போயிருந்தால் அங்கே ஏதோ வேலை நடக்கிறது. நடுவில் பயிற்சியாளர் மாறியிருந்தால் ஐந்து ஆண்டையும் ஒன்றாகச் சேர்க்காதீர்கள்.

டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வந்தப்புறம் பிளேயர் யார் கணக்குல?

இப்போதைக்கு மிகக் கடினமான கேள்வி இதுதான். வேறு கல்லூரிக்கு மாற விரும்பும் வீரர்கள் பெயர் பதியும் இந்தப் போர்ட்டல் 2018இல் வந்தது. 2021 முதல் ஒருமுறை மாறினால் ஓராண்டு உட்காரத் தேவையில்லை. 2024இல் அந்த ஒருமுறை என்ற வரம்பும் போனது. என்.எஃப்.எல். பட்டியலில் கடைசிக் கல்லூரியின் பெயர்தான் வரும். டெக்சாஸ் ஏ அண்ட் எம்மின் அந்த 2022 கிளாஸையே பாருங்கள்: வால்டர் நோலன் ஓலே மிஸ்ஸுக்கு மாறி 2025இல் 16ஆவது ஆள், அங்கேயே இருந்த ஷெமார் ஸ்டூவர்ட் 17ஆவது ஆள். ஒரே கிளாஸ், அடுத்தடுத்த இடம், ஒரு பெயர் இன்னொரு கல்லூரியின் கணக்கில்.

எங்கள் பரிந்துரை: கையெழுத்திட்ட கல்லூரிக்கு ஒரு பட்டியல், கடைசிக் கல்லூரிக்கு ஒரு பட்டியல் என இரண்டு போடுங்கள். முதலாவது "ஆளைக் கண்டுபிடிக்கிறார்களா" என்பதற்கு, இரண்டாவது "ஆளை முடித்து அனுப்புகிறார்களா" என்பதற்கு. ஜோ பர்ரோவை ஒஹாயோ ஸ்டேட் கண்டது, எல்.எஸ்.யூ. 2020இல் முதல் ஆளாக அனுப்பியது. இரண்டு பட்டியலிலும் அவருக்கு இடம் உண்டு. பழைய ஆண்டுகளையும் 2021க்குப் பிந்தையவற்றையும் ஒரே விகிதமாகக் கலக்க வேண்டாம்.

ஏழாவது ரவுண்டுல போனவனுக்கும் முதல் ஆளுக்கும் ஒரே மார்க்கா?

எண்ணிக்கை மட்டும் போட்டால் அப்படித்தான் ஆகும். ஜிம்மி ஜான்சன் பெயரில் வழங்கும் பழைய டிராஃப்ட் மதிப்பு அட்டவணையில் முதல் இடத்துக்கு 3000 புள்ளி, 32ஆவதுக்கு 590, நூறாவதுக்கு 100. அதைப் போட்டுக் கூட்டினால் உச்சத்தை உருவாக்கும் கல்லூரி எது என்று தெரியும், ஆனால் ஒரே ஒரு குவார்ட்டர்பேக் ஐந்து ஆண்டு விகிதத்தையும் தூக்கிவிடுவார். எண்ணிக்கை, புள்ளி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். டிராஃப்டும் ஒரு கணிப்புதான் என்பதால், பொறுமை உள்ளவர்கள் முதல் நான்கு என்.எஃப்.எல். பருவங்களில் எத்தனை ஆட்டம் தொடக்கத்திலேயே இறங்கினார் என்பதையும் சேர்க்கலாம்.

மூணு ஸ்டார் பையன் பெரிய காலேஜுக்குப் போறதா, சின்ன காலேஜுக்கா?

ரேங்கிங்கைப் பார்க்காமல் அந்தக் கல்லூரியின் பொசிஷன் கோச்சைப் பாருங்கள். அவர் கடந்த ஐந்து ஆண்டில் எத்தனை பேரை அந்தப் பொசிஷனில் எடுத்தார், அவர்களில் எத்தனை பேர் மூன்றாம் ஆண்டில் ஆடினார்கள், எத்தனை பேர் வெளியேறினார்கள் என்று பெயர் பெயராக எழுதிக் கேளுங்கள். ஆஃபென்சிவ் லைன், டைட் எண்ட், லைன்பேக்கர் என்றால் நிதானமாக வளர்க்கும் இடம் நல்லது. கார்னர்பேக், ரிசீவர் என்றால் சீக்கிரம் ஆட்டம் கிடைக்கும் இடம் முக்கியம். ஆட்ட வீடியோ இருந்தால் பிறகு மேலே மாற வழி இருக்கிறது, கேம் வார்ட் போனது அந்த வழி.

இன்னொன்று: 85 ஸ்காலர்ஷிப், அதற்கு மேல் எத்தனை வாக்-ஆன் வேண்டுமானாலும் என்ற பழைய முறை 2025 பருவத்தோடு மாறிவிட்டது. இப்போது அணிக்கு மொத்தம் 105 பேர் என்ற வரம்பு. வாட் போல ஸ்காலர்ஷிப் இல்லாமல் உள்ளே நுழைந்து இடம் பிடிப்பது முன்னைவிடக் கடினம், அதனால் "வந்து சேரு, பிறகு பார்க்கலாம்" என்று சொல்லும் கோச்சிடம் அந்த 105இல் பையன் பெயர் இருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள்.